பாட்டியின் சுருக்குப்பையும் நான் வாங்கிய இரண்டு ரூபாயும்: தேய்மானத்தை வைத்துப் போலியைச் சொல்ல முடியுமா?

குடியாத்தம் பேரன் | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். பாட்டி காலமாகி மூன்று மாதம் ஆகிறது. அவருடைய மரப்பெட்டியை ஒழித்தபோது அடியில் ஒரு சுருக்குப்பை கிடைத்தது. உள்ளே 8 வெள்ளி ரூபாய்கள். ஏழு ஒன்றாகக் கிடந்தன. எட்டாவதை மட்டும் சிவப்புத் துணியில் தனியாக முடிந்து வைத்திருந்தார். பாட்டியின் அப்பா கைலி நெய்து ஊர் ஊராக விற்றவர். அவர் கைப்பட்ட காசாக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அவற்றைக் கையில் எடுத்ததிலிருந்து எனக்குப் பழைய காசின் மீது ஆசை பிடித்துக்கொண்டது. போன மாதம் வேலூரில் ஒரு கடையில் 1919ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இரண்டு வாங்கினேன். ஒரே குடும்பத்திலிருந்து வந்த சரக்கு என்று கடைக்காரர் சொன்னார். விலையும் மலிவாக இருந்தது.

என் சந்தேகம் இதுதான். பாட்டியின் காசுகளில் ஒன்று 1862, விக்டோரியா ராணி. முகப்பக்கம் கிரீடமும் உடையின் பூவேலையும் அப்படியே இருக்கின்றன. பின்பக்கமோ கூழாங்கல் போல வழுவழுவென்று இருக்கிறது. மேல் எழுத்துகள் நிழலாகத்தான் தெரிகின்றன. ஆண்டு எண் மட்டும் தேயாமல் தப்பியிருக்கிறது. ஆண்டுக்குக் கீழே சின்னச் சின்ன மேடுகள் உள்ளன, வார்ப்புக் குமிழ் போல. எடை 11.21 கிராம். விளிம்பில் தலைக்கு நேர் மேலே ஒரு கரும்புள்ளி.

கடையில் வாங்கிய இரண்டும் அப்படியில்லை. இரு பக்கமும் சீராக, அழகாகத் தேய்ந்திருக்கின்றன. எடை 11.04, 11.08.

புழங்கிய காசு என்றால் இரு பக்கமும்தானே தேய வேண்டும்? பாட்டியின் 1862 போலியா? சிவப்புத் துணியில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்: 1907, ஏழாம் எட்வர்டு, கறுத்துப்போயிருக்கிறது, விளிம்பில் ஒரு வெட்டு, எடை 9.62. எல்லாவற்றையும் புளி போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டுப் படம் போடலாம் என்றிருக்கிறேன்.

வெள்ளிப் பத்தர் | ஞாயிறு, இரவு 9.31

தம்பி, முதலில் புளியைக் கீழே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நாற்பது வருடமாக வேலூரில் வெள்ளி வேலை செய்கிறேன். என்னிடம் வந்த பழைய ரூபாய்களில் கள்ளக்காசு கெடுத்ததைவிட வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஆசையாகத் தேய்த்துக் கெடுத்ததுதான் அதிகம். புளி, எலுமிச்சை, பல் விளக்கும் பேஸ்ட், சாம்பல் எதுவும் வேண்டாம். பூஜை அறையில் திருநீறு வைத்து மினுக்குவார்கள், அதுவும் வேண்டாம். காசின் மேல் படிந்திருக்கும் அந்தக் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி. அதைக் கழுவிவிட்டுப் போலியா அசலா என்று கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வேன்?

மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்தக் கரும்புள்ளியை நகத்தால் தடவினால் சின்ன மேடாகத் தட்டுப்படுகிறதா? முகப்பக்கத்துப் பள்ளங்களில் செம்மையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? விளிம்பில் உள்ள வரிகள் எட்டு காசிலும் எப்படி இருக்கின்றன? காசைக் குப்புறப் போட்டுப் படம் எடுக்க வேண்டாம், சன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நிறுத்தி எடுங்கள்.

வாலாஜா வாசகி | ஞாயிறு, இரவு 9.58

அந்த மேடுகள் வார்ப்புக் குமிழ் அல்ல என்றே நினைக்கிறேன். எண்ணிப் பாருங்கள்.

1862 என்று போட்ட ரூபாய் எல்லாமே 1862இல் அடித்தவை அல்ல. அந்த ஆண்டு எண்ணை மாற்றாமல் 1874 வரும்வரை அதையே வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணய ஆலை மட்டும் ஆண்டுக்கு மேலும் கீழும் புள்ளிகளை வைத்து, உண்மையில் அடித்த காலத்தைக் குறித்தது. இன்று சேகரிப்போர் அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள். வார்ப்புக் குமிழ் என்றால் கண்ட இடத்தில் இருக்கும்: கழுத்தில் ஒன்று, எழுத்தின் காலில் ஒன்று, விளிம்போரம் இரண்டு. உங்கள் புள்ளிகள் உருண்டையாக, ஒரே அளவில், வரிசையாக நின்றால் அவை அச்சில் வெட்டியவை.

எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1835 முதல் 1939 வரை வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். நம் ஊரில் ஒரு தோலா என்று நிறுத்தது இதைத்தான். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. புழக்கத்தில் 2 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்த ரூபாயைச் செல்லும் காசாக ஏற்க வேண்டியதில்லை என்று 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சொன்னது. கணக்குப் போட்டால் 11.43 கிராம். அதற்குக் கீழே இறங்கிய காசு எதுவானாலும், கைமாறிக் கைமாறி மட்டும் அந்த நிலைக்கு வந்திருக்குமா என்று கேட்கத்தான் வேண்டும். உங்கள் 1862க்கும் அந்தக் கேள்வி உண்டு, 1919 இரண்டுக்கும் உண்டு.

ஆற்காட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 10.20

எனக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. ஒரு பக்கம் மொழுக்கென்று, ஒரு பக்கம் புதுசு போல இருந்தால் அது இரண்டு அரைக் காசுகளை ஒட்டியதாகவோ புதிதாக வார்த்ததாகவோதான் இருக்கும். சட்டைப்பையில் கிடந்தாலும் கல்லாவில் கிடந்தாலும் காசு இரண்டு பக்கமும்தான் உரசும். என் தாத்தா கல் தரையில் சுண்டிப் பார்ப்பார். கணீர் என்றால் வெள்ளி, கட்டையாகச் சத்தம் வந்தால் செல்லாக் காசு. அதுவும் போதாதென்றால் உரைகல்லும் அமிலமும் இருக்கின்றன. ஒரு சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெள்ளிப் பத்தர் | ஞாயிறு, இரவு 10.47

ஆற்காட்டு ஐயா, அமிலத்தைப் பற்றி நீங்கள் சொல்வது தொழில் முறைக்குச் சரி. நானே தினமும் செய்கிறேன். உரைகல்லில் இழைத்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, அதன் மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. வெள்ளி என்றால் பால் திரிந்தது போல வெண்மை இறங்கும். செம்பு கலந்த மட்டம் பச்சையாக நுரைக்கும். ஆனால் அது உருக்கப்போகிற வெள்ளிக்கு. பாட்டி வைத்துவிட்டுப் போன காசைக் கல்லில் இழைக்க எனக்கு மனம் வராது. முலாம் கனமாக இருந்தால் மேலோட்டமாக இழைத்த கோடும் வெள்ளி என்றே காட்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

சுண்டிப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் விரிசல் விட்ட அசல் காசும் கட்டையாகத்தான் ஒலிக்கும். வளையம் வைத்துப் பற்றவைத்த காசும் அப்படியே.

ஒரு பக்கத் தேய்மானத்துக்கு வருகிறேன். நம் வடாற்காட்டுக் கிராமங்களில் ரூபாயைக் கோத்து மாலையாகப் போடுவது வழக்கமாக இருந்தது. காசின் தலைமாட்டில் ஒரு கண்ணி பற்றவைத்து, கறுப்புக் கயிற்றிலோ வெள்ளிச் சங்கிலியிலோ கோத்துவிடுவார்கள். ராணி முகம் வெளியே பார்க்கும். பின்பக்கம் ராத்திரி பகல் சேலையிலும் மார்பிலும் உரசிக்கொண்டே இருக்கும். நாற்றங்கால், களை, அடுப்படி, தொட்டில் எல்லா இடத்துக்கும் அது கூடவே போகும். முப்பது வருடம் போட்டால் பின்பக்கம் என்னவாகும்? கூழாங்கல் ஆகிவிடும். முகத்தைத் தொட ஆள் இல்லாததால் முகம் தப்பிவிடும்.

கல்லாவில் உரசும் காசு வேறு விதமாகத் தேயும். மேடு முதலில் போகும்: காது, புருவம், தாடி, கிரீடத்தின் பட்டை. பள்ளத்தில் எழுத்துக்கு அடியில் உள்ள தரை அப்படியே இருக்கும், ஏனென்றால் மேடு காவல் நிற்கிறது. மாலைக் காசு ஒரு பக்கம் மட்டும் மொத்தமாகச் சமனாகும். இரண்டும் உண்மையான தேய்மானம், இரண்டுக்கும் காரணம் உண்டு. காரணம் சொல்ல முடியாத தேய்மானம்தான் எனக்குப் பயம். அதனால்தான் உங்கள் 1919 இரண்டும் அழகாக, சீராகத் தேய்ந்திருக்கின்றன என்று சொன்னது என் மனத்தை உறுத்துகிறது, தம்பி.

எடைக்கல் | திங்கள், காலை 6.15

காட்பாடியில் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அமிலமும் வேண்டாம், கல்லும் வேண்டாம், காசில் ஒரு கீறல்கூட விழாது. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

முதலில் காசைச் சாதாரணமாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையும் சுவரையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். காசில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் நூலை மெல்ல ஆட்டி உதிர்த்துவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

சுத்த வெள்ளி 10.49. நம் பழைய ரூபாய் செம்பு கலந்ததால் 10.3 அளவில் நிற்கும். பித்தளையும் ஜெர்மன் சில்வரும் 8.4 முதல் 8.8க்குள் வரும். 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதனால் அவை 9.5 அருகே காட்டினால் அசல்தான். அவற்றின் விளிம்பிலும் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும்.

காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியே இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பித்தளையும் ஒட்டாது. 1947இன் புலி போட்ட ரூபாய் மட்டும் ஒட்டும், அது நிக்கல் காசு, அசல்தான். வலுவான நியோடிமியம் காந்தம் இருந்தால் காசைச் சரிவாகப் பிடித்து அதன் மேல் நழுவவிடுங்கள். வெள்ளியில் யாரோ பிடித்து இழுப்பது போல மெதுவாக இறங்கும். என் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

ஆம்பூர் புதியவன் | திங்கள், காலை 8.40

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு இருக்கிறது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். இதற்கு லட்சக்கணக்கில் கொடுப்பதாக ஒருவர் அலைபேசியில் சொல்கிறார். பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்பச் சொல்கிறார். இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா?

வாலாஜா வாசகி | திங்கள், காலை 9.05

தம்பி, ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அழைப்பைத் துண்டித்து எண்ணைத் தடுத்துவிடுங்கள்.

கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. ராமர், அனுமன், லட்சுமி உருவங்களோடு 1616, 1717, 1818 என்று ஏதாவது ஆண்டைப் போட்டுப் பின்னாளில் செய்த வில்லைகள் அவை. கோயில் வாசல்களில் வழிபாட்டுக்காக விற்ற ராமடங்கா என்ற வகை உண்டு. அதைப் பக்தியோடு வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லி நம் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரிக்கை வெளியிட்டது. விற்பவரிடமே பணம் கேட்பவர் வாங்குபவர் அல்ல.

ஆற்காட்டுக்காரன் | திங்கள், பகல் 1.15

பத்தர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் பாட்டி மாலையில் ரூபாய் கோத்திருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஒட்டுக்காசு என்று நான் சொன்னது அவசரம். ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்க் காசைப் பற்றி ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், இதே குழப்பம் அதிலும் உண்டு. ஆற்காட்டு ரூபாய் என்னிடம் இரண்டு இருக்கின்றன. குட்டையாக, தடிமனாக, ஓரம் பிசிறாக இருக்கும். கையால் சம்மட்டி வைத்து அடித்தவை. பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எழுத்து பாதியிலேயே நிற்கிறதே, இது உடைசலா போலியா என்பதுதான். அச்சு பெரியது, வெள்ளித் துண்டு சிறியது. அதனால் பாரசீக எழுத்தில் துண்டுக்குள் விழுந்தது மட்டும்தான் தெரியும். முழு எழுத்தும் சுற்று வட்டமும் ஒன்றுவிடாமல் பதிந்த கையடிக் காசு யாராவது கொடுத்தால் நான் அங்கேதான் சந்தேகப்படுவேன்.

ஆண்டும் அப்படித்தான். ஆங்கிலேயர் சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாய்களில் முகலாயர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172உம் ஆட்சியின் ஆறாம் ஆண்டும் இருக்கும். ஆலம்கீர் 1759இலேயே கொல்லப்பட்டுவிட்டார். அவர் போய் எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயரிலேயே அடித்தார்கள், ஏனென்றால் சந்தை அந்தக் காசைத்தான் நம்பியது. ஆங்கிலேயர் காசில் தாமரை, பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்ததில் பிறை. ஆற்காடு என்ற பேர் இருப்பதால் எல்லாம் ஆற்காட்டில் அடித்தது என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் ஊரின் பேர் மற்றவர்கள் அடித்த காசில் அத்தனை தூரம் போயிருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் பெருமை.

இன்னொன்று, சராப்புக் குத்து. காசு மாற்றும் சராப்புகள் சோதித்துப் பார்த்துவிட்டுச் சின்ன உளியால் பிறை, நட்சத்திரம், புள்ளி என்று ஒரு குறி குத்துவார்கள். சிலர் இதைச் சேதாரம் என்று தள்ளுகிறார்கள். எனக்கு அது அந்தக் காலத்துச் சான்றிதழ். பேரன் தம்பி, உங்கள் 1907இன் விளிம்பில் வெட்டு என்றீர்களே, அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள்.

வாலாஜா வாசகி | திங்கள், பகல் 2.02

ஆற்காட்டு ஐயா சொன்னதோடு சேர்த்து: 1807, 1808 வாக்கில் சென்னையில் அடித்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக் காசுகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் கோபுரம், மறு பக்கம் சுவாமி உருவம், சுற்றித் தமிழும் தெலுங்கும். அரை வராகனை ஸ்பானிய டாலர்களின் மீதே அடித்தார்கள். அதனால் கோபுரத்துக்குப் பின்னால் சில சமயம் ஸ்பானிய எழுத்தின் கால் ஒன்று நிழலாக எட்டிப் பார்க்கும். தெரியாதவர் அதை அச்சுக் கோளாறு, போலி என்று ஒதுக்கிவிடுவார். அந்த நிழலைக் கண்டால் எனக்கு நாள் முழுவதும் மகிழ்ச்சி.

குடியாத்தம் பேரன் | செவ்வாய், இரவு 8.25

எடைக்கல் ஐயா சொன்னபடி பள்ளி நண்பனிடம் தராசு வாங்கி வந்து செய்தேன். பாட்டியின் 1862: தண்ணீரில் 1.08, அடர்த்தி 10.38. மற்ற ஆறும் 10.2 முதல் 10.4க்குள் வந்தன. என் 1919 முதலாவது: 11.04, தண்ணீரில் 1.28, அடர்த்தி 8.63. இரண்டாவது: 11.08, தண்ணீரில் 1.29, அடர்த்தி 8.59. மூன்று முறை செய்தேன். மாறவில்லை.

கரும்புள்ளி நகத்தில் மேடாகத் தட்டுகிறது. முகப்பக்கத்துக் கிரீடத்தின் இடுக்கில் செம்மை இருக்கிறது. குங்குமம்தான், முகர்ந்தால் இன்னும் மெல்லிய மணம் வருவது போல எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்குக் கீழே இருப்பவை 2 புள்ளிகள், உருண்டையாக, ஒரே அளவில்.

அதைவிட என்னைக் கலக்கியது வேறு. இரண்டு 1919 காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். அரசரின் காதுக்கு முன்னால், கன்னத்தில், நகம் கீறியது போல ஒரு பிறை வடிவக் கீறல் இருக்கிறது. முதல் காசில் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்த்தேன். அதே கன்னத்தில், அதே இடத்தில், அதே வளைவில் கீறல். கிரீடத்தின் இடது ஓரத்தில் ஒரு சின்னக் குழி, அதுவும் இரண்டிலும். பின்பக்கம் ஒரு எழுத்தின் மூலை மழுங்கியிருக்கிறது, அதுவும் இரண்டிலும். படத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வயிற்றைப் பிசைந்தது.

வெள்ளிப் பத்தர் | செவ்வாய், இரவு 9.00

தம்பி, வருத்தப்படாதீர்கள். இதைக் கண்ணால் கண்டுபிடித்தீர்களே, அது எத்தனையோ பேருக்கு வராது.

ஒரு தாய் பெற்ற இரட்டைப் பிள்ளைக்குக்கூட ஒரே இடத்தில் ஒரே தழும்பு இருக்காது. ஆலையில் ஒரே அச்சில் அடித்த ஆயிரம் காசுகள் வெளியே வந்தால் ஆயிரமும் வெவ்வேறு வீட்டுக்குப் போகும், வெவ்வேறு கல்லில் விழும். கீறல் ஒத்துப்போகிறது என்றால் அந்தக் கீறல் காசுக்குப் பட்டதல்ல, மூலக் காசுக்குப் பட்டது. புழங்கித் தேய்ந்த அசல் ரூபாய் ஒன்றை எடுத்து அதிலிருந்து அச்சோ வார்ப்புக் கருவோ எடுத்திருக்கிறார்கள். மூலத்தின் முகத்தோடு அதன் கீறல், குழி, தேய்மானம் எல்லாம் கூடவே வந்துவிட்டன. நீங்கள் அழகு என்று பார்த்த அந்தச் சீரான தேய்மானம் இன்னொரு காசின் தேய்மானம்.

இப்போது பூதக்கண்ணாடியில் தரையைப் பாருங்கள், எழுத்துக்கு நடுவில் உள்ள தரையை. பாட்டியின் காசில் முகப்பக்கத்துத் தரை இறுக்கமாக, தண்ணீர்ப் பரப்பு போல இருக்கும். வார்த்த காசில் சோற்றுக் கஞ்சி காய்ந்தது போலப் பொடிப்பொடியாகத் தெரியும். எழுத்தின் கரை செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து இறங்கும், வெண்ணெயில் எழுதியது போல. விளிம்பையும் பாருங்கள். வார்ப்பு என்றால் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். அதை அரத்தால் தேய்த்திருந்தால் வரிகள் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் காணாமலும் இருக்கும்.

விலை மலிவு என்றீர்கள். பன்னிரண்டில் பதினோரு பங்கு என்றால் ஒரு ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலைக்கும் கீழே ஒருவர் கொடுக்கிறார் என்றால், அவர் உங்களுக்கு வெள்ளியைக் கொடுக்கவில்லை.

வாலாஜா வாசகி | செவ்வாய், இரவு 9.26

பத்தர் ஐயா சொன்ன கடைசி வரியோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். சாதாரண ஆண்டுகளின் போலி மட்ட உலோகத்தில் வரும், தண்ணீர்ச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். அரிய ஆண்டுகளின் போலியை நல்ல வெள்ளியிலேயே செய்கிறார்கள். அங்கே அடர்த்தி சரியாகத்தான் இருக்கும்.

1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அரசரின் அங்கியில் இருந்த யானையின் துதிக்கை குட்டையாக விழுந்து பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. வெளியே போனது சுமார் 7 லட்சம்தான், மீதி பல லட்சம் காசுகளை உருக்கிவிட்டு 1912இல் துதிக்கையைத் திருத்தி அடித்தார்கள். அந்த அருமையால் பிற ஆண்டுக் காசின் கடைசி எண்களைச் சுரண்டி 1911 ஆக்குவது உண்டு. ஆனால் அச்சு மாறிவிட்டதே. ஆண்டைப் பார்க்காதீர்கள், யானையைப் பாருங்கள். நீண்ட துதிக்கையோடு 1911 வந்தால் எண்ணில் கைவைத்திருக்கிறார்கள். அதேபோல் 1939 ரூபாய் மிக அரிது, போலி மிக அதிகம். எட்டாம் எட்வர்டு படம் போட்ட 1936 ரூபாய் என்று காட்டினால் பேச்சே வேண்டாம், அவர் உருவம் போட்ட இந்திய ரூபாய் புழக்கத்துக்கு வரவே இல்லை.

தம்பி, கடைக்காரரிடம் ரசீது வாங்கினீர்களா?

குடியாத்தம் பேரன் | புதன், இரவு 7.50

ரசீது வாங்கவில்லை, அம்மா. இன்று நேரில் போனேன். பழைய காசுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சொல்லிவிட்டார். இரண்டு கீறலையும் கைப்பேசியில் காட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, பாதிப் பணம் தருகிறேன், காசைக் கொடுத்துவிட்டுப் போ என்றார். கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த ஆள் கைக்குப் போய்விடும் என்று தோன்றியது.

எடைக்கல் | புதன், இரவு 8.04

கொடுக்காதது நல்லது. இரண்டையும் என் வகுப்புக்கு ஒரு நாள் இரவல் தருவீர்களா? அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்காது. பிள்ளைகள் தாங்களே நிறுத்துக் கண்டுபிடிக்கட்டும்.

ஆற்காட்டுக்காரன் | புதன், இரவு 8.30

1907 என்ன ஆயிற்று? அந்த வெட்டு?

குடியாத்தம் பேரன் | வியாழன், இரவு 9.45

1907: எடை 9.62, தண்ணீரில் 1.14, அடர்த்தி 8.44. வெட்டின் உள்ளே பித்தளை போல மஞ்சளாகத் தெரிகிறது. மேலே இருக்கும் வெள்ளி மெல்லிய தோல்தான். ஆனால் காசு உண்மையாகவே தேய்ந்திருக்கிறது: காதும் தாடியும் மழுங்கி, அங்கெல்லாம் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது.

பேர்ணாம்பட்டில் இருக்கும் பெரியம்மாவிடம் கேட்டேன். அவருக்கு வயது 84. சிவப்புத் துணி என்றதுமே அடையாளம் சொல்லிவிட்டார். கொள்ளுத் தாத்தா ஒரு சந்தையில் கைலி விற்ற பணத்தில் அது வந்ததாம். நூல் வாங்கப் போன இடத்தில் சராப்பு அதைச் சுண்டிப் பார்த்து, உளியால் ஒரு வெட்டு வெட்டி, மஞ்சளைக் காட்டித் திருப்பி எறிந்தாராம். ஒரு ரூபாய் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் பெரிய தொகை. இருட்டில் யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பங்காளி ஒருவர் யோசனை சொன்னதற்குக் கொள்ளுத் தாத்தா ஒப்புக்கொள்ளவில்லையாம். நல்ல காசோடு கலந்துவிடக் கூடாது என்று தனியாக முடிந்து வைத்தவர் அவர்தானாம். பாட்டி அந்த முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

1862ஐப் பற்றியும் சொன்னார். கொள்ளுப் பாட்டியின் மாலையில் பதினோரு ரூபாய் இருந்ததாம். யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றபோது ஒவ்வொன்றாகக் கண்ணியைக் கழற்றி அரிசி வாங்கினார்களாம். கடைசியில் மிஞ்சியது ஒன்று. எந்தக் காசு என்று கேட்டேன். முகம் நன்றாக இருக்கும், முதுகு மொழுக்கென்று இருக்கும் என்றார்.

வெள்ளிப் பத்தர் | வியாழன், இரவு 10.05

1862இன் விளிம்பில் உள்ள கரும்புள்ளி கண்ணியைப் பற்றவைத்த தடம்தான். அந்தப் பற்றுவைப்பை நான் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணியைக் கழற்றியவர் எந்தப் பக்கத்திலிருந்து அரம் போட்டார் என்று பார்த்தால், வீட்டில் கழற்றியதா பத்தர் கழற்றியதா என்று சொல்லிவிடுவேன். சனிக்கிழமை பட்டறையில்தான் இருப்பேன். இரண்டையும் எடுத்து வாருங்கள், தம்பி. 1907ஐ அந்தத் துணியோடேயே கொண்டு வாருங்கள். கழுவாமல்.